ஒன்றுவிட்ட தங்கை

நாற்பத்தேழாம் பக்கம், மூன்றாம் கட்டம்.
கலங்கரை விளக்கத்துக்காரி நோரா
தபால் விமானம் ஓட்டுகிறவளிடம் சொல்கிறாள்:
"நீ என் –"
அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்துவிட்டு
பொன்னுரங்கம் சார் சொன்னார்,
"தங்கைன்னு போட்டுருங் அம்மிணி.
காதலிக்கும் மூணெழுத்து, தங்கைக்கும் மூணெழுத்து.
குமிழிக்குள்ள கச்சிதமா உக்காந்துக்கும்."

நல்ல மனுஷர்.
கருங்கல்பாளையத்தில்
தறி ஓடி நின்றுபோன குடோனில்
மாதம் ஒரு படக்கதை கொண்டுவருகிறார்.
கம்ப்யூட்டர் எழுத்து அவருக்கு ஆகாது,
என் கையெழுத்துக்குச் சம்பளம் தருகிறார்.
"பசங்க படிக்கறதுங்" என்றார்.
சந்தா கட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர்
வழுக்கை விழுந்தவர்கள்.
நான் சொல்லவில்லை.

"அடுத்த கட்டத்தை என்ன பண்றதுங் சார்?"
அடுத்த கட்டத்தில் முத்தம்.
தங்கைக்குக் கொடுக்கிற மாதிரி இல்லை.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
"குமிழியப் பெருசு பண்ணி மேல வெச்சுருங்.
வசனம் நீங்களே எதாச்சும் எழுதிக்குங்."

போன மாதம், பதினோராம் பக்கத்தில்
ஒருவன் இன்னொருவன் கழுத்தை அறுத்தான்.
ஒரு சொட்டையும் மறைக்கச் சொல்லவில்லை.

நானும் வசுமதியும்
சூரம்பட்டியில் வீடு பார்க்கப் போன அன்று
துளசியம்மா கேட்டார்,
"நீங்க ரெண்டு பேரும் என்ன ஒறமொறைங்?"
வசு சட்டென்று சொன்னாள்,
"ஒண்ணுவிட்ட தங்கச்சிங்."
ஐந்து வருஷமாக
அந்தச் சொல்லுக்குத்தான் வாடகை கட்டுகிறோம்.
நோம்பிக்கு ஒரம்பரை வந்தால்
அட்டாலியிலிருந்து இன்னொரு பாயை இறக்கி
தூசி தட்டி விரித்துக் காட்டுகிறோம்.

அதனால் கைக்குப் பழக்கம்.
த. ங். கை.
கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது.

பிறகு முத்தத்தின் மேல் குமிழி வரைந்தேன்.
நோராவின் காதோரமும்
அவள் பின்கழுத்தில் பதிந்த நான்கு விரல்களும்
வெளியே தப்பிக்கொண்டன.
உள்ளே வெள்ளை.
இவ்வளவு பெரிய வெள்ளைக்குள்
என்னதான் பேசுவார்கள் இரண்டு பெண்கள்?
திருப்பூரிலிருந்து கடைசி வண்டி பிடித்து வந்து
தலை நிறைய பனியன் பஞ்சோடு
வசு கதவைத் தள்ளும்போது சொல்வதை எழுதினேன்:
"சாப்பிட்டியா?
காத்து சில்லுன்னு அடிக்குது.
கதவைச் சாத்து."

கடைசியாக வால்.
குமிழிக்கு ஒரு வால்.
வால் எந்த வாயைக் காட்டுகிறதோ அந்த வாய் பேசுகிறது.
படக்கதை படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.
நான் இரண்டு போட்டேன்.
இவள் தாடைக்கு ஒன்று, அவள் தாடைக்கு ஒன்று.

சார் பார்த்தாரா தெரியாது.
பேனா ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.
பிறகு கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து
தாராபுரத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்டு.
"பக்கம் 47, நாலாம் கட்டம்.
ஒரு குமிழிக்கு இரண்டு வால்.
அச்சுப்பிழை என்றால்
திருத்த வேண்டாம்."
அனுப்புநர் என்ற இடத்தில்
கோமளவள்ளி, ரெஜினா.
பெயர்கள் இரண்டு மையில், கதவு எண் ஒன்று.
என்ன உறவு என்று எழுதவில்லை.

சார் அதை இரண்டு தரம் படித்தார்.
ஸ்கேலை எடுத்து
வாசகர் கடிதப் பக்கத்தை அளந்தார்.
"பதிலுக்கு ரெண்டு வரி எடம் இருக்குதுங் அம்மிணி.
நீங்களே எழுதிக்குங்"
என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மை காய்ந்துகொண்டிருக்கிறது பேனாவில்.
நாளைக்கு அச்சு.
இரண்டு வரி.
வசுவுக்குப் போன் போட்டேன்,
மெஷின் சத்தத்தில் எடுக்கவில்லை.