வாளி பச்சை

பகாவ் பழைய பஸ் நிலையத்தின் பின்வரிசை,
டயர் கடைக்கு மேல்மாடி,
வாடகை அறுநூறு வெள்ளி.
அதன் குளியலறைதான் படத்தில் இருப்பது.

கவிழ்த்த வாளிமேல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.
குழாய் முழுசாய்த் திறந்திருக்கிறது.
குளிக்கவில்லை.
நைட்டியில் இடது பக்கம்
பால் கசிந்து ஒரு கறுத்த வட்டம்.
கதவு தாழிட்டது.
கதவடி இடுக்கில் நாலு சின்ன விரல்.

பதினேழு நிமிடம் என்று தலைப்பு வைத்தேன்.
கூடவும் இருக்கலாம்.
கணக்குப் பார்க்க அன்றைக்குத் திராணியில்லை.
அவருக்குச் செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட்,
பகலெல்லாம் தலையணைக்கடியில் தலை.

கோவில் மண்டபத்தில் கண்காட்சி.
குலை ஏற்றிய லாரி, சண்டைச் சேவல்,
மழையில் பால்மரக் காடு,
யாரோ பொன்பொடி தூவிய அம்மன்.
கழிப்பறைக்குப் போகும் வழியில்
என் குளியலறை.

தலைவர் அர்ச்சுனன் கைகளைப் பின்னால் கட்டி
வெகுநேரம் நின்றார்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைய
மடியில வச்சிருக்கலாமே தங்கச்சி.
குழாயையாவது மூடியிருக்கலாம்."
தண்ணீர் வீணாவதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கையுறை ஆலைச் சீருடையோடு வந்த ஒருத்தி
படத்தை விட்டு என்னைப் பார்த்தாள்.
"உனக்கு வாளியாச்சும் இருந்துச்சு."
அவ்வளவுதான்.
வெளியே போய்
நின்றபடி ஒரு செண்டோல் குடித்தாள்.

வரையும்போது பொய் சொல்லியிருந்தேன்.
கால்களை மெலிய வைத்தேன்.
கண்ணில் கொஞ்சம் ஈரம் வைத்தேன்.
அன்று நான் அழவேயில்லை.
தொட்டிலில் சின்னவன் அழுத அழுகையை
தெருவில் லாரி கியர் மாற்றும் சத்தத்தோடு சேர்த்து
தூரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
வாளியைச் சிவப்பாக்கினேன்.
சாம்பல் ஓடுகளுக்கு நடுவே சிவப்பு நிற்கும்,
பார்க்கிறவர் கண்ணைப் பிடித்து உட்காரவைக்கும்.

கடைசி நாள் பள்ளி விட்டு நிறைமதி வந்தாள்.
ஆறு வயது. வாயோரம் மைலோ.
விரல்களைக் கண்டாள்.
தன் விரலைப் பக்கத்தில் வைத்து அளந்தாள்.
நான் மூச்சை எங்கோ வைத்துவிட்டுத் தேடினேன்.

"வாளி பச்சைம்மா."
"இல்ல கண்ணு, அது சும்மா..."
"பச்சை. ஓரம் ஒடஞ்சது.
உன் குதிகால்ல பிளாஸ்டர் ஒட்டியிருந்துச்சு.
படுத்துப் பாத்தேன்ல."

படுத்துப் பார்த்திருக்கிறாள்.
மூன்று வருஷம் அந்த விரல்களை
வரைந்து அழித்து வரைந்தவள் நான்.
விரலுக்குப் பின்னால்
ஈரத் தரையில் கன்னம் பதித்து
ஒரு கண் இருந்தது
எனக்குத் தோன்றவே இல்லை.

"அழுதியா அன்னிக்கு?"
"தம்பிதான் அழுதான். நான் எண்ணினேன்."
"எவ்வளவு?"
"பத்து வரைக்கும்தான் அப்ப தெரியும்.
திரும்பத் திரும்ப."

பல் மருத்துவர் லியூ மூவாயிரம் தருவதாகச் சொன்னார்,
நோயாளிகள் காத்திருக்கும் அறைச் சுவருக்காம்.
ஓர் இரவு தவணை கேட்டேன்.

பிள்ளைகள் தூங்கியபின்
வாளியைப் பச்சையாக்கினேன்.
குதிகாலில் சின்னப் பட்டை, ஓரம் அழுக்கு.
கண்ணீரைக் கத்திமுனையால் சுரண்டி எடுத்தேன்.
அவள் கண்ணை வரையவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது
அவளுடைய படம்.

விடிந்து பார்த்தால்
உடைந்த ஓரத்தில், பச்சைக்கடியிலிருந்து,
சிவப்பு எட்டிப் பார்க்கிறது.
விட்டுவிட்டேன்.

கீழே டயருக்குக் காற்றடிக்கிறார்கள்.
சின்னவன் எழுந்துவிட்டான், குரல் ஏறுகிறது.
துண்டை எடுத்துக்கொண்டு
"அம்மா குளிச்சிட்டு வந்துர்றேன்" என்றேன்.
நிறைமதி புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.
"இப்ப எனக்கு நூறு தெரியும்" என்றாள்.