இரண்டு காடை, நூற்றெண்பது டிகிரி

மார்த்தாண்டம் லேபிலிருந்து வந்த தாளில்
றெஜிலாவின் ரத்தம் எட்டு புள்ளி இரண்டு.
பன்னிரண்டு வேண்டுமாம்.
மிச்சத்தை எந்தக் கடையில் வாங்க என்றேன்.
டாக்டரம்மா சிரிக்கவில்லை.
"காடை குடுங்க. எண்ணெயில பொரிச்சிராதீங்க."

அருமனைச் சந்தையில் ஒரு ஜோடி.
இறகு போனபின் உள்ளங்கையில்
மல்லாந்து கிடந்தது ஒன்று.
இவ்வளவுதானா நீ.

முந்நூறு மரம் பால்வெட்டுகிற கை எனக்கு,
தடியில் படாமல் பட்டையோடு நிற்கத் தெரியும்.
ஆனாலும் முதுகெலும்பில் கத்தி இறங்கும்போது
கொஞ்சம் தயங்கியது.
நல்லமிளகு, மஞ்சள், பூண்டு, உப்பு,
ஒரே ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய்.
"ஒரு ஸ்பூனா?" என்றாள்
வீட்டில் சாவு விழுந்ததுபோல.

மஸ்கட்டிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்த ஏர் ஃப்ரையர்
அதுவரை பெட்டியோடு அலமாரி மேலிருந்தது,
வருகிறவர்களுக்குக் காட்ட.
உள்ளே கால் மடக்கி
பக்கம்பக்கமாய்ப் படுத்தன இரண்டும்.
பதினாறு நிமிடம் திருகினேன்.
அடுக்களைக்குள் ஒரு குட்டி ஆரல்வாய்மொழி,
அதே காற்று, கொஞ்சம் கோபமாக.

அவள் ஃபோனில் வாசித்தாள்:
நூறு கிராம் கறியில் நாலு மில்லிகிராம் இரும்பு,
புரதம் இருபது கிராம்.
"எலும்பு போனா இதில நூறு கிராம் தேறுமா?"
ஷீட் கடைத் தராசில் தினமும் தோற்கிறவனிடமா
இதைக் கேட்பது?
"ரெண்டையும் நீயே தின்னு."

ஒன்பதாம் நிமிடம்
பேச்சிப்பாறைப் பக்கம் இடி. கறண்டு போனது.
காற்று நின்றும் மணம் நிற்கவில்லை.
வெந்ததா வேகாததா தெரியாத இரண்டு உயிர்களோடு
இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.
"ரெண்டு மாசமாட்டு தல சுத்துது," என்றாள்.
"பால்வாளி தூக்கும்ப மரத்தப் பிடிச்சிட்டு நிப்பேன்."
எந்த மரம் என்று கேட்டேன்.
வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

டிங்.
கறண்டு இல்லாமலே திருகுமுள் ஓடித் தீர்ந்து
வெந்துவிட்டது என்று பொய் சொன்னது.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

எட்டே முக்காலுக்கு வெளிச்சம். மறுபடி பத்து நிமிடம்.
தோல் சுருங்கி, செம்பு நிறத்தில் வந்தன.
எலுமிச்சை பிழிந்தேன்.
பழக்கத்தில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தபோது
"இப்ப வேண்டாம், இரும்பு உடம்புல பிடிக்காதாம்" என்றாள்,
வாய் நிறையக் கறியோடு.
அடுப்பை அணைத்தேன்.

வெளியே விடாத மழை. நாளைக்கு வெட்டு இல்லை.
இரண்டாவதைப் பிய்த்துப் பாதியை
என் பக்கம் தள்ளினாள்.
நான் திரும்பத் தள்ளினேன்.
தட்டு நடுவில் கிடந்தது அது,
அவள் தொடையெலும்பைக் கடித்து உடைக்கிற
சின்னச் சத்தம் கேட்கும்வரை.