இரண்டரை நட்சத்திரம்

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப்
பதினொரு பேர்.
ஏசி ஓடவில்லை.
ஆரப்பாளையத்துப் பஸ் ஹாரன்கள்
பின்னணி இசைக்குள் நுழைந்து நுழைந்து போயின.

தாய்லாந்துப் பேய், தமிழ்க் குரல்.
ஏழாம் மாடியில் நள்ளிரவில் துணி காயப்போடுகிறாள்.
கொடியில் யார் சட்டை தொங்குகிறதோ
அவர் விடியுமுன் செத்துப்போகிறார்.
அவ்வளவுதான் கதை.

நான் மாலைப் பத்திரிகைக்கு எழுதுகிறவன்.
எப்பேர்ப்பட்ட பேயையும்
நாற்பது வரிக்குள் அடக்கித் தருவது என் வேலை.
சென்னையில் இதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்:
ஒருவர் ‘மௌனத்தின் அழகியல்’ என்றார்.
இன்னொருவர் தூங்கிவிட்டதாகச் சொன்னார்.
இரண்டும் ஒரே காட்சியைப் பற்றி.

இடைவேளையில்
விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்தவியாபாரம் பார்க்கும் ரெங்காராம்
பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு கொதித்தார்:
“கொடியில தொங்குறது பூராம் பாலியஸ்டருங்க.
அது நிமிசத்துல காஞ்சிரும்.
இந்தம்மா ராத்திரி பூராம் அங்கிட்டு நின்னு
என்னத்தக் காய வைக்குது?”
பாலிடெக்னிக் பையன்கள் மூன்று பேர்
பேய் வரும்போதெல்லாம் விசிலடித்தார்கள்.
வராதபோதுதான்
ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான்.
இதை நான் குறித்துக்கொண்டேன்.
எழுதவில்லை.

படம் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில்
செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்த பெண்மணியிடம்
எப்படி இருந்தது என்று கேட்டேன்.
சேசுராணி.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ராத்திரி டூட்டி.
வீட்டில் பகலில் தூங்க முடியாது,
இங்கே ஏசி இருக்கும் என்று வந்தாராம்.

“நல்லாத்தான் இருந்துச்சு.
ஆனா அந்தப் பிள்ளை துவைச்சுப் பழகாத பிள்ளை.
ரத்தக் கறையைக் கொண்டுபோயி வெந்நீர்ல போடுதே.
வெந்நி பட்டா கறை இறுகிப்போகுமுல்ல,
பச்சத்தண்ணில உப்பப் போட்டு ஊற வைக்கணும்.
இத்தனை சாவுக்குத் துவைச்சவளுக்கு
இதுகூடவா தெரியாது?”

கிளம்பியவர் திரும்பினார்.

“எங்களுக்கு வர்ற துணில வார்டு நம்பர்தான் இருக்கும்.
ஆரு படுத்திருந்தா, எந்திரிச்சுப் போனாகளா,
ஒண்ணும் தெரியாது.
அதுக்கு ஆரு சட்டைன்னு தெரியுது.
குடுத்து வச்சவ.”

‘லாஜிக் பிழைகள் உண்டு’ என்று எழுதினேன்.
என்ன பிழை என்று உதவி ஆசிரியர் கேட்டார்.
சொன்னேன்.
சிரித்துவிட்டு
அந்த வரியையும் எடுத்தார்,
கீழே லுங்கி விளம்பரத்துக்கு இடம் போதவில்லை.
நான் கொடுத்தது இரண்டரை நட்சத்திரம்.
அரை அச்சில் விழவில்லை.
ரெங்காராம் போன் போட்டு
“கரெக்டாப் போட்டீங்க சார்” என்றார்.

இரவு ஏ.வி. பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
கீழே வைகை, தண்ணீர் இல்லாத பக்கம்,
யாரோ எடுக்க மறந்த ஒரு கொடித் துணி
சோடியம் விளக்கு வெளிச்சத்தில்
மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.
உற்றுப் பார்க்கவில்லை என்றால் பொய்.
நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று இருந்தது.
என்னிடமும் அப்படி ஒன்று உண்டு.
ஊரில் பாதிப் பேரிடம் இருக்கும்,
தீபாவளித் தள்ளுபடியில்
ஒன்றுக்கு ஒன்று இலவசமாகப் போட்டது அது.