சாக்பீஸ் குறி

செம்புதாஸ் தெருவில் துளைத் தகடு கேட்டால்
ஜன்னலுக்கா, ஏசி மூடவா என்கிறார்கள்.
ஸ்பீக்கருக்கு என்றேன்.
கடைக்காரர் தகட்டைப் பார்த்தார்,
பிறகு என்னை, மறுபடி தகட்டை.
நாலடிக்கு ஒன்றரை, இரண்டு துண்டு.
இன்னொரு ஜோடிக்குக் காசில்லை.
ராயபுரம் மொட்டைமாடியில் உட்கார்ந்து
மூன்று ஞாயிறு ஓரத்துக்கு அரம் போட்டேன்.
ஒரு பிசிறு மிச்சமிருந்தாலும்
அங்கேதான் பொறி பாயும்.

இதில் காந்தம் கிடையாது. கூம்பு கிடையாது.
பெட்டியும் இல்லை.
இரண்டு தகடுகளுக்கு நடுவே
ஆறு மைக்ரான் மைலார் தாள்,
தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு.
தான் அசைக்கிற காற்றைவிட
அது எடை குறைவு.

சாப்பாட்டு மேசையில் அதை விரித்து
சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிலும் கட்டி இழுத்தேன்.
அதிகம் இழுத்தால் கீழ்ச்சுரம் செத்துப்போகும்.
தளர்த்தினால் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்,
பிரிய மனசே வராது அதற்கு.
நடுவில் எங்கோ இருக்கிறது சரியான இறுக்கம்;
விரலால் சுண்டி, காதால் பிடிக்க வேண்டும்.
அன்று எல்லாரும் தரையில் சாப்பிட்டோம்.

பென்சில் கரியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து
தேய்த்ததையெல்லாம் துடைத்தெடுத்தேன்.
"பூசுறியா, அழிக்கிறியா?" என்றாள் செலின் அண்ணி.
இரண்டும்தான்.
மின்னூட்டம் ஏற வேண்டும்,
ஏறியது இடம் மாறக் கூடாது.

அம்பத்தூரில் பகலெல்லாம்
யார் யாருக்கோ டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற கை
இரவில் தனக்கென்று ஒன்று சுற்றியது.
மூவாயிரம் வோல்ட்.
ஆம்பியர் என்று சொல்ல ஒன்றுமில்லை,
ஆனாலும் இடது கையை முதுகுக்குப் பின்னால்
மடக்கிக்கொண்டுதான் பிளக்கைச் சொருகினேன்.

ஐப்பசியில் கடல் வீட்டுக்குள் வந்துவிடும்.
ஓரத்தில் உப்பு ஈரம் ஏற ஏற
ஸ்ஸ்ஸென்று கசியும்,
மீன் வறுக்கிற அதே சத்தம்.
அண்ணி போய் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.
ஹேர் டிரையர் பத்து நிமிஷம். அடங்கும்.

மேல்சுரம் இதில் டார்ச் வெளிச்சம் மாதிரி
நேராகத்தான் போகும்,
ஒரே ஒரு நாற்காலிக்குப் போதும்.
அதன் நாலு காலுக்கும்
தரையில் சாக்பீஸ் குறி வைத்தேன்.

முதலில் போட்டது பாட்டு இல்லை.
அண்ணன் பெலிக்ஸ் கப்பலிலிருந்து அனுப்பிய
வாய்ஸ் மெசேஜ். பன்னிரண்டு செகண்ட்.
"நல்லா இருக்கேன். சாப்பாடு பரவாயில்ல.
பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டியாச்சா?"
போனில் எத்தனையோ முறை கேட்டதுதான்.

இதில்,
"நல்லா"வுக்கு முன்னால் எச்சில் விழுங்குவது கேட்டது.
பல்லிடுக்கில் மூச்சை இழுப்பது கேட்டது,
வலிக்கிற பக்கத்தை மாற்றி உட்காருகிறவன்
இழுக்கிற மூச்சு.
இரும்புக் கட்டில் ஒருதரம் முனகியது.
மாத்திரை அட்டையின் ஈயத்தாள்
மெல்லக் கிழிந்தது.

அணைத்தேன்.
அண்ணி குளித்துவிட்டு வருவதற்குள்
நாற்காலியை ஒன்றரை அடி தள்ளிப் போட்டேன்.
மேல்சுரம் அங்கே எட்டாது.
விழுங்கியது எட்டாது, ஈயத்தாளும் எட்டாது.
குரல் மட்டும் வரும்,
போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி,
நல்லா இருக்கேன்.

கேட்டாள். தலையாட்டினாள்.
தலையில் சுற்றிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள்.
குனிந்து தரையைப் பார்த்தாள்.

பிறகு நாற்காலியை
இழுக்காமல், தூக்கி,
நாலு காலையும் நாலு குறியில் வைத்து
உட்கார்ந்தாள்.
"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன்.
ஓரத்தில் எங்கோ மீன் வறுபடத் தொடங்கியது.
அவள் அடுப்பைப் பார்க்க எழவில்லை.