வெள்ளீயத்தின் சொந்த ஊர்

சென்னையில் எவரும்
பெயருக்கு அடுத்துக் கேட்பது ஊரைத்தான்.
வீட்டுக்காரர் கேட்டார்.
ஷேர் ஆட்டோவில் மடியில் பை வைத்திருந்தவள் கேட்டாள்.
திட்டக்குடி, திட்டக்குடி என்று
சொல்லிப் பழகிவிட்டது எனக்கு.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏசி ஒழுகும் அறையில்
இப்போது நான் கேட்கிறேன்,
ஒரு கம்பிச்சுருளிடம்.
பற்றவைக்கும் கம்பி, அரைக் கிலோ.
லேபிளில் எடை இருக்கிறது, உருகுநிலை இருக்கிறது,
பிறந்த இடம் இல்லை.

படிவத்தின் நாற்பத்தேழாம் வரி:
இந்த உலோகம் துப்பாக்கி நிழலில் தோண்டப்பட்டதா?
(இப்படி இல்லை, நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள்.)
ஆம். இல்லை. தெரியாது.

செம்புதாஸ் தெருவுக்குப் போன் போட்டேன்.
"பினாங்கு சரக்கும்மா" என்றார் தஸ்தகீர் பாய்.
பினாங்குக்கு எங்கிருந்து?
"கப்பல்ல."
கப்பலுக்கு?
யாரோ மீன்பாடி வண்டிக்காரரைத் திட்டும் சத்தம்.
"உருக்கிட்டா எல்லாம் ஒண்ணுதானேம்மா."

ஒன்றுதான்.
உலையின் வேலையே அதுதான்:
பத்து மலைகளை உள்ளே வாங்கி
ஒரே வெள்ளையாக வெளியே விடுவது.
மூட்டை சுமந்தவனின் முதுகும்
பாதையில் கயிறு கட்டிக் காசு பிடுங்கியவனின் சீருடையும்
கசடோடு போய்விடும்.

"இல்லைன்னு போடுங்க எஸ்தர்" என்றார் மேலாளர்.
"போன வருஷமும் அதான் போட்டோம்.
தெரியாதுங்கறதை எவன் பதில்னு எடுத்துப்பான்?"

கண்ணாடிக்கு அப்பால் மூன்றாம் லைன்.
பிசின் புகைக்குள் குனிந்த இருபத்தெட்டுப் பேர்,
எல்லாரும் ஒப்பந்தம்.
ஆர்டர் போனால் முதலில் போவது அவர்கள்.
அங்கே மலையடியிலும்
வாங்க ஆளில்லாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது
துப்பாக்கி வைத்திருப்பவன் அல்ல.
இதற்குக் கட்டம் இல்லை.

தெரியாது என்று அடித்தேன்.
கீழே, குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில்:
உருக்காலையின் பெயர் கேட்டிருக்கிறோம்.
விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.
வியாழக்கிழமை நேரில் போகிறேன்.
"நேரில்" என்பதற்கு அடியில் கணினி
சிவப்புக் கோடு போட்டது.

கேன்டீனில் புளிசாதத்தைப் பிரித்தபடி
லூர்து கேட்டாள்:
"அக்கா, உங்க கம்பிக்கு ஊர் கிடைச்சுதா?"
இன்னும் இல்லை என்றேன்.
"விடுங்க, எனக்கே ரேஷன் கார்டு
இன்னும் இந்த ஊருக்கு மாறல."

சிரித்தாள். மூக்குத்தி மின்னியது,
கடுகளவு தங்கம், தவணையில் வாங்கியது.

அதன் ஊரை
நான் கேட்கவில்லை.