அட்வான்சில் பிடித்தது

ஆணி அடிக்கக் கூடாது. ஆட்டுக்கல் கூடாது.
மாடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.
செடியைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.
அந்த இல்லாத வரியில்தான்
சாக்கை நிறுத்தினேன்.

சமாதானபுரத்தில் மாடிப் போர்ஷன்.
குளியலறைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே
என் இரண்டு கை அகலம்.
அதற்குள் பெயின்ட் வாளியில் தண்டங்கீரை,
உடைந்த குடத்தில் மிளகாய் மூன்று,
துணிக்கொடியில் ஏறி
உள்பாவாடைகளோடு தொங்கும் ஒரு புடலை,
நுனியில் கல் கட்டியிருக்கிறேன், சுருளாமல் நீள.
அப்புறம் சாக்கு.

ரேஷன் கடையில் எடை போடுகிறவள் நான்.
காலிச் சாக்குக்கும் கணக்கு உண்டு,
காசு கட்டித்தான் எடுத்தேன்.
இதைச் சொல்லிவிட வேண்டும்.
எடை போடுகிறவள் வீட்டில் சாக்கைப் பார்த்தால்
ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும்.

புரட்டாசியில் கொடி நுனி நான்கு நட்டேன்.
சிறுகிழங்கு.
மேலே பார்க்க ஒன்றும் இல்லை.
புதினா போல இலை, புதினா வாசம் கிடையாது.
வாடகைக்கு வரும்போதெல்லாம்
ஞானதிரவியம் சார்வாள் நின்று பார்ப்பார்.
"இது காய்க்காதோ?"
"காய்க்காது சார்."
"பொறவு என்னத்துக்குத் தண்ணி ஊத்துதிய?"
பொங்கலுக்குச் சொல்லுதேன் என்றேன்.

அதற்கு முன் அவர் சொல்லிவிட்டார்.
மகன் மஸ்கட்டிலிருந்து வருகிறானாம்.
கார்த்திகை முடிவதற்குள் சாவி வேண்டும்.
கீழ்வீட்டு அடுக்களைச் சீலிங்கில்
ஈரம் படர்ந்ததை விரலால் காட்டினார்.
அட்வான்சில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்.
ஈரம் இருந்தது, பொய் இல்லை.
என் கீரை அங்கேயும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

கீரையைப் பறித்தாயிற்று. புடலையை அறுத்து
கீழ்வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.
கிழங்கை என்ன செய்ய?
இப்போது தோண்டினால் வேர்தான் இருக்கும்,
பாசிமணி அளவில் நாலு முடிச்சு.

குட்டியானைக்காரன் சொள்ளமுத்து
சாக்கைத் தூக்கிப் பார்த்தான்.
"என்னக்கா, மண்ணையுமா வீடு மாத்துதிய?"
சிலிண்டருக்கும் பீரோவுக்கும் இடையில்
அதை அணைத்துப் பிடித்துப் பின்னால் நின்றேன்.
கொக்கிரகுளம் தாண்டிப் பாலத்தில்
ஆற்றுக்காற்று இலைகளை ஒரு பக்கம் சாய்த்தது.
கீழே தாமிரபரணி, கலங்கி, கரை முட்ட.
இத்தனை நாள் குழாயில் பிடித்து
அதைத்தான் ஊற்றியிருக்கிறேன்.
நேரில் காட்டியது அன்றைக்குத்தான்.

தச்சநல்லூர் வீட்டுக்கு மாடி இல்லை.
வாசலில் காலை வெயில் இரண்டு மணி நேரம்,
பிறகு எங்கள் வீட்டு நிழலே
எங்கள் வாசலை மூடும்.
ஒருநாள் தரையில் இழுத்த தடம் பார்த்தேன்.
நான் கடையில் இருக்கையில்
எதிர்வீட்டுச் செய்யதம்மாள்
உச்சிக்குத் தன் வாசலுக்கு இழுத்துவைத்து
சாயங்காலம் திருப்பி வைத்திருக்கிறாள்.
கேட்டால்,
"அதுக்கென்ன, வெயிலு இங்கனதான கெடக்கு."

தை பிறக்க நாலு நாள். சாக்கைக் கவிழ்த்தேன்.
பெரியது கட்டைவிரல், மற்றதெல்லாம் கொண்டைக்கடலை.
சாக்கை உதறி, கிழங்கை அதற்குள்ளேயே போட்டு,
ஆளுக்கொரு முனை பிடித்துத் தரையில் அறைந்தோம்.
தோல் பாதி போயிற்று. மீதி நகத்தால்.
இரண்டு பேருக்கும் விரல் கறுத்தது.

எடை போடாமல் இருக்க எனக்கு ஆகாது.
முக்குக்கடையில் தராசு வாங்கி வந்தேன்.
எண்ணூற்றைம்பது கிராம்.
இரண்டாயிரத்துக்கு எண்ணூற்றைம்பது என்றால்
கிலோ இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது சொச்சம்.
பொங்கல் சந்தையில்கூட
யாரும் இந்த விலை சொல்லத் துணியமாட்டார்கள்.

பாதியைச் செய்யதம்மாளுக்குப் பிரித்தேன்.
முள் நடுவில் நிற்கவில்லை,
அவள் தட்டு கொஞ்சம் இறங்கியது.
இருபது வருஷத்தில் முதல் தடவை
திருத்தாமல் விட்டேன்.

சார்வாளுக்குச் சொல்ல வேண்டிய பதில்
தோல் உரிக்காமல் ஒரு கைப்பிடி
அடுப்பு மேடையில் கிடக்கிறது.
சமாதானபுரம் பஸ்ஸில் ஏறுவேனா, தெரியாது.
ஏறாவிட்டால்
புரட்டாசிக்கு விதை.