மயில்கழுத்து, இரண்டு லிட்டர்

முப்பத்தைந்து தினாருக்கு வாங்கியது,
குவைத் வெள்ளிச் சந்தையில், ஒரு ஆகஸ்ட் மதியம்:
கட்டில், இரட்டைக் கதவு அலமாரி,
கண்ணாடி வைத்த மேசை, கால் ஆடும் ஸ்டூல்.
விற்ற சிரியாக்காரருக்குக் கனடா விசா வந்துவிட்ட அவசரம்.
தேக்கு என்றார் அவர் அரபியில்.
தேக்குதான் என்றார் அருளப்பன் தமிழில்.
எல்லாமே ஒரே பழுப்பு,
ஆறிப்போன டீயில் ஆடை படிந்த நிறம்.

பதினோரு வருடம்.
அடுத்த வருஷம் கான்சல் பண்ணிட்டுப் போயிடலாம் என்று
பதினோரு முறை சொன்னோம், அதில் படுத்துக்கொண்டே.
போகிற வீட்டுக்கு எதற்குத் திரைச்சீலை?
சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல்
காலண்டரை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து மாட்டியவள் நான்.

பெயிண்ட் அடிக்கட்டுமா என்றேன் ஒருநாள்.
"கலர் அடிச்சா எவன் வாங்குவான்?
இப்படியே இருந்தா போறப்ப இருபதாவது தேறும்."
கணக்கில் பிசகில்லை.
அந்த இருபது தினாரின் மேல்தான்
இத்தனை வருடம் தூங்கியிருக்கிறோம்.

ஃபஹாஹீல் பெயிண்ட் கடையில் நூர் ஆலம்
நிற அட்டையை விசிறியாய் விரித்தான்.
நீலம் மட்டும் நூற்றுச் சொச்சம்.
மயில்கழுத்தை எந்த மொழியில் சொல்வது?
கைப்பையிலிருந்து ரவிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
அவன் காது சிவந்து மெஷினையே பார்த்து நின்றான்.
பிறகு ஓரத்து நூலை மட்டும் விளக்கில் பிடித்து
ஏழு சொட்டு, மூன்று சொட்டு, கருப்பில் அரைச் சொட்டு.

டப்பா கட்டிலுக்கடியில் நாற்பது நாள் கிடந்தது.
கூட்டும்போதெல்லாம் துடைப்பம் முட்டி
ணங் என்னும்.

ரிஃபைனரியில் ஷட் டவுன் வேலை,
அவர் வர ஒன்பதாகும். ஜெனிட்டா பள்ளியில்.
உப்புத்தாளை எடுத்தேன்.
முதல் உரசலிலேயே நின்றுபோனேன்.
உரித்தது திரும்ப ஒட்டாது.
என்ன சத்தம் என்று கதவைத் தட்டிய உம்மு கரீம்
என் புருவமெல்லாம் பழுப்பு மாவைப் பார்த்துச் சிரித்து,
போய், மாஸ்க் ஒன்று கொண்டுவந்தாள்.

தேக்கு இல்லை.
பழுப்புக்கு அடியில் தாள்; தாளுக்கு அடியில்
மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திய பலகை.
எந்தெந்தக் காட்டுத் தூளோ,
எவனோ அழுத்தியதில் ஒன்றாய் நிற்கிறது.
எனக்கு ஏனோ ஏமாந்ததாகத் தோன்றவில்லை.

அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து
அதன் முதுகில் இழுத்தேன் முதல் கோடு,
யாரும் பார்க்காத இடத்தில்.
ஈரத்தில் அது ரவிக்கை நிறமில்லை. இன்னும் ஆழம்.
ஜன்னலைத் திறந்தால் நாற்பத்தாறு டிகிரி,
மூடினால் தலைசுற்றல்.
திறந்தே வைத்தேன்.
வந்த தூசு வந்தபடி ஒட்டிக்கொண்டது.
முதுகு முடிந்தது. பக்கவாட்டும்.
இனி கதவு. கதவென்றால் அவர் கண்ணில் படும்.
டப்பா விளிம்பில் பிரஷ்ஷை வழித்தேன்,
சொட்டாத பிரஷ்ஷை இன்னொரு முறை வழித்தேன்.
அப்புறம் நடந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை.
இரண்டு கதவும் முடிந்து, ஸ்டூலும் முடிந்து,
என் முழங்கையும் முடிந்திருந்தது.

வந்தவர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
அறை வாசலில் நின்று பார்த்தார்.
இருபது தினார் போச்சே என்பார், அதற்கு
ஒரு பதில் வைத்திருந்தேன். நல்ல பதில்.
"காஞ்சிருச்சா?" என்றார்.
கேட்டபடியே கட்டைவிரலால் அழுத்தினார்.
காயவில்லை.

ரேகை ரேகையாய்ப் பதிந்துவிட்டது, கைப்பிடிக்குச் சற்று மேலே.
இந்த நாட்டுக்குப் பத்து விரலும் கொடுத்திருக்கிறார்,
கண்ணாடிமேல் ஒவ்வொன்றாய் உருட்டி.
அவையெல்லாம் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில்.
"அடடா" என்று விரலைச் சட்டையில் துடைத்தார்.

நாளைக்கு இரண்டாம் கோட்.
அந்த இடத்தை விட்டுச் சுற்றி அடிப்பேன்.
சட்டைக் கறைதான் போகாது.
தின்னர் வாங்க மறந்துவிட்டேன்.